〜, ～ இரண்டும் ஒன்றல்ல
மேலே ஒருவர், ஜப்பானிய உரையில் வரும் 〜, ～ இரண்டும் ஒரே குறிதான், ஃபான்ட் மாறுவதால் வேறாகத் தெரிகிறது என்கிறார். பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பொதுத் தரம்) இரண்டுக்கும் தனித்தனி எண். முதலாவது அலைக்கோடு, 12316. மற்றது முழு அகல டில்டே (~ குறியின் அகன்ற வடிவம்), 65374. குழப்பத்தின் வேர், ஜப்பானிய எழுத்துகளைக் கணினியில் சேமிக்கப் பயன்பட்ட பழைய ஷிஃப்ட்-ஜிஸ் குறியாக்கம். அதில் இருந்தது ஒரே குறி. யூனிகோடுக்கு மாற்றும்போது விண்டோஸ் அதை 65374 ஆக்குகிறது, வேறு சில மென்பொருள்கள் 12316 ஆக்குகின்றன. அதனால்தான் கண்ணெதிரே "10〜12" இருந்தும், நாம் தேடும் குறியின் எண் வேறாக இருந்தால், தேடலில் சில நேரம் சிக்குவதில்லை. (எனக்கே ஒரு மதியம் முழுக்க இதில் போனது.) சோதிக்க எக்செல் போதும்: ஒரு கட்டத்தில் குறியை ஒட்டுங்கள், பக்கத்துக் கட்டத்தில் அதற்கு யூனிகோட் (UNICODE) ஃபங்ஷனைப் போடுங்கள், எண் வந்துவிடும்.