அம்மன் வரும் வழியில் என் முதுகு

நவராத்திரி நெருங்கிவிட்டது. சாமி ஊர்வலத்தைப் படம் எடுக்கப் போகும் தம்பிமார்களின் கேள்விகள் வாட்ஸ்அப்பில் ஆரம்பித்தாயிற்று. "அண்ணே, உடைவாள் எடுக்க அரண்மனையில எத்தன மணிக்கு நிக்கணும்?" "எழுபது இருநூறு லென்ஸ் போதுமா?" தெரிந்ததைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். யாரும் கேட்காத ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன்: எங்கே நிற்கக்கூடாது என்பதை.

வெளியூர் நண்பர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. திருவிதாங்கூரின் தலைநகரம் ஒரு காலத்தில் எங்கள் தக்கலை பக்கத்துப் பத்மநாபபுரம். பிறகு திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. நவராத்திரிக்குச் சாமிகள் மட்டும் இன்றும் பழைய ஊரிலிருந்து புதிய ஊருக்குப் போகிறார்கள். அரண்மனைக்குள் இருக்கும் தேவாரக்கட்டுக் கோயில் சரஸ்வதி (கம்பர் பூஜித்த விக்ரகம் என்பது ஊர் வழக்கு), வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை. அரண்மனை உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாளைக் கைமாற்றிய பிறகு புறப்பாடு, சரஸ்வதி யானை மேல், மற்ற இருவரும் பல்லக்கில். முதல் ராத்திரி குழித்துறை மகாதேவர் கோயில், அடுத்த ராத்திரி நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் கரமனை வழியாகத் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். 1956 நவம்பர் 1-ஆம் தேதி நாங்கள் தமிழ்நாட்டுக்கு வந்தோம், ஆனால் பத்மநாபபுரம் அரண்மனை இன்றும் கேரளத் தொல்லியல் துறையிடம்தான். அதனால் களியக்காவிளையில் எல்லை தாண்டும்போது ஒரு மாநிலப் போலீஸ் வழியனுப்ப இன்னொரு மாநிலப் போலீஸ் வரவேற்கும். படம் எடுப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நான் தொழிலுக்குக் கல்யாண வீடு எடுக்கிறவன். சொந்த ஆசைக்கு இந்த எழுந்தருளல். பல வருடம் ஒரே மாதிரிதான் எடுத்தேன்: யானைக்கு நேர் முன்னால் நின்று, யானை நடக்க நடக்க நானும் பின்னோக்கி நடந்து. என்னோடு இருபது முப்பது பேர். அதில் பத்திரிகைக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் என்னைப்போல, அப்புறம் செல்போன்காரர்கள், யூடியூப் தம்பிகள். வாத்தியமும் முத்துக்குடையும் முன்னால் போய்விடும்; அதற்கும் யானைக்கும் நடுவில் எங்கள் கூட்டம் ஒரு தனி ஊர்வலம்.

சில வருடங்களுக்கு முன் முதல் நாள் சாயங்காலம். மார்த்தாண்டம் தாண்டி, குழித்துறை வரும் முன்னால், ரோட்டோரத்தில் ஒரு வீடு. வாசலில் ஸ்டூல் போட்டுக் குத்துவிளக்கு ஏற்றி, தட்டில் தேங்காய், பழம், தோவாளைப் பிச்சிப்பூவெல்லாம் வைத்து ஒரு பாட்டி காத்துக்கொண்டிருந்தார். இப்படித் தட்டு வைத்த வீடுகளின் முன்னால் சாமி ஒரு நிமிடம் நிற்கும். நின்றது. அந்த ஒரு நிமிடம் எங்களுக்கும் நல்ல நிமிடம், யானை அசையாது, படம் ஆடாது. இருட்ட ஆரம்பித்திருந்தது. முப்பது பேரும் பாய்ந்து அடித்தோம், பாதிப்பேர் ஃபிளாஷோடு. பாகன் கத்தினான். யானை தலையை ஆட்டியது. வழிகாட்டிப் போலீஸ் போகச் சொல்லிவிட்டது.

கேமராவை இறக்கித் திரும்பினால் பாட்டி என் முதுகுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில். கையில் தட்டு அப்படியே.

"வெட்டந்தான் தெரிஞ்சுது மக்களே. அம்மை தெரியல்ல."

வெட்டம் என்றால் எங்கள் பக்கத்தில் வெளிச்சம். அவர் கோபமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். எனக்குத்தான் முதுகு சில்லிட்டது, ஏனென்றால் இதே வாக்கியத்தை என் அம்மையின் அம்மை வாயிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். அவர் சின்னப்பிள்ளையாக இருந்தபோது எங்களைப் போன்ற குடும்பங்கள் சாமி போகும் ரோட்டுக்குப் பக்கத்தில் வர முடியாது. வயல் வரப்பில் தள்ளி நின்று பார்ப்பார்களாம். "தீவெட்டி வெட்டம் போறது தெரியும், சாமி தெரியாது" என்பார். 1936 நவம்பர் 12-ல் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. அவரை அதற்குப் பிறகுதான் அவருடைய அப்பா தோளில் ஏற்றிக் குமாரகோவிலுக்குள் கொண்டுபோனாராம். சாமிக்குப் பக்கத்தில் வருவதற்கு எங்கள் வீட்டில் இவ்வளவு பெரிய கதை இருக்கிறது. நானோ ஒரு கேமராவை வாங்கி மாட்டிக்கொண்டு இன்னொரு பாட்டியைப் பழையபடி வெட்டம் மட்டும் பார்க்க வைத்துவிட்டேன்.

மிகைப்படுத்துகிறேன் என்று சில நண்பர்கள் சொன்னார்கள். சாதி சொல்லித் தள்ளியதும் தெரியாமல் மறைத்ததும் ஒன்றா என்று. ஒன்றில்லைதான். ஆனால் தட்டோடு நின்ற அந்த அம்மாவுக்குச் சாமி புறப்பட்டுப் போவதைப் பார்க்க அடுத்த வாய்ப்பு அடுத்த புரட்டாசியில். அவர் வயதில் அது நிச்சயமான கணக்கா?

இந்தச் சரஸ்வதிக்கு முன்னால் யார் நிற்கலாம் என்பதே எப்போதும் அளந்து கொடுத்த ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது. கோட்டைக்குள் நவராத்திரி மண்டபக் கச்சேரியில் ஒரு பெண் முதன்முதலாக உட்கார்ந்து பாடியது 2006-ல். பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். பாறசாலை எங்கள் எல்லைக்கு அந்தப்பக்கம், பஸ்ஸில் ஏறி உட்காரும் முன்னால் வந்துவிடும்.

கல்யாண வீட்டிலும் இதே கதைதான், ஒத்துக்கொள்கிறேன். தாலி கட்டும்போது பந்தலில் இருப்பவர்கள் பார்ப்பது எங்கள் சட்டையின் பின்பக்கத்தை. அங்கே மேலே திரை வைத்து ஒப்பேற்றிவிடுகிறார்கள். ரோட்டில் திரை கிடையாது.

கேமராவே கூடாது என்று சொல்லும் கட்சி நானில்லை. மூலஸ்தானத்தில் படம் எடுக்கக்கூடாது என்பது சரி. ரோட்டுக்கு வரும் சாமி எல்லோரும் பார்க்கத்தான் வருகிறது, படமும் எடுக்கலாம். யானைக்கு நேர் முன்னாலும், தட்டு வைத்த வீட்டுக்கும் சாமிக்கும் நடுவிலும் நிற்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். ஓரமாக ஒரு இடம் பிடித்துக் காத்திருங்கள், சாமி உங்களைத் தாண்டிப் போகட்டும். ஓடிப்போய் மறுபடி முன்னால் நிற்க வேண்டாம். ஒரு இடத்தில் ஒரு படம்தான் கிடைக்கும். கிடைக்கட்டும்.

ஃபிளாஷ் பற்றித் தனியாகச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. டன் கணக்கில் எடையுள்ள ஒரு மிருகம், சுற்றிலும் செண்டை, மேலே விக்ரகத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர். அதன் கண்ணில் அடிக்கிறீர்கள். படமாவது நன்றாக வருகிறதா என்றால் அதுவும் இல்லை, பித்தளையும் தங்கமும் வெள்ளையாக வெந்துபோகும். யானையின் கறுப்பைப் பார்த்துக் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டும். நீங்கள் அதை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்து வையுங்கள், கறுப்பு கறுப்பாகவும் அம்மன் முகம் முகமாகவும் நிற்கும். பெண்கள் ஏந்திவரும் தாலப்பொலி விளக்கே போதுமான வெட்டம். ட்ரோன்காரர்களுக்கு என்னிடம் பேச்சே இல்லை.

மார்த்தாண்டம் மேம்பாலத்திலிருந்து கீழ்நோக்கி எடுப்பவர்களும் உண்டு. யாரையும் மறைக்காத நல்ல கோணம். ஆனால் எனக்குக் கை வராது. சாமி போகும்போது மாடியில் நிற்கக்கூடாது என்று அம்மை எங்களைப் படியிறக்கி விடுவாள். பழக்கம் போகவில்லை, காரணம் கேட்காதீர்கள்.

நகரத்துக்குள் குமாரசுவாமி வெள்ளிக்குதிரையில் வருவதை எல்லோரும் எடுக்கிறார்கள். கிள்ளிப்பாலம் தாண்டினால் எங்கே லென்ஸைத் திருப்பினாலும் ஃபிளெக்ஸ், கேபிள் வயர், மேலே தூக்கிய செல்போன்கள். நான் அங்கே போவதை நிறுத்திவிட்டேன்.

யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விஜயதசமிக்குக் குமாரசுவாமி பூஜப்புரை போய் வந்து, ஒருநாள் நல்லிருப்பும் (சாமிகள் ஓய்வெடுக்கும் நாள்) முடிந்தால் சாமிகள் ஊர் திரும்புவார்கள். இதே ரோடு, இதே பல்லக்கு. பத்திரிகை வராது, யூடியூப் வராது. தூக்குகிறவர்கள் டீ குடிக்க நிற்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கும்பிடுவார்கள். தட்டு வைத்தவர்கள் சாமியிடம் என்னவோ மெதுவாகப் பேசுவதுகூடக் கேட்கும். என்னிடம் உள்ள நல்ல படங்கள் எல்லாம் திரும்பி வரும்போது எடுத்தவை.

அந்தப் பாட்டியின் படம் என்னிடம் இல்லை. அந்த வீட்டு வாசலில் போன வருடமும் விளக்கு இருந்தது, தட்டு பிடித்திருந்தது வேறு யாரோ. நான் எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரத்தில் நின்றேன்.

இந்த வருடமும் திரும்பி வரும் நாளில் குழித்துறை ஆற்றுப்பாலத்துக்கு இந்தப்பக்கம் நிற்பேன். வருகிற தம்பிமார் சொல்லுங்கள். ஃபிளாஷை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.