டிஃப்ராக் நேரம் பற்றி ஒரு திருத்தம்

டிஃப்ராக் என்பது ஹார்டு டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்த்து அடுக்கும் வேலை. "டிஃப்ராக் அரை மணி நேரத்தில் முடிய வேண்டும், அதைத் தாண்டினால் ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று அர்த்தம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. இதை நம்பி நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எவ்வளவு நேரம் என்பது டிஸ்க்கின் அளவு, கோப்புகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன, காலி இடம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. சில நிமிடங்களிலும் முடியலாம், இரவு முழுக்கவும் ஓடலாம். காலி இடம் 15 சதவீதத்துக்குக் கீழே போனால் இன்னும் இழுக்கும். துண்டுகளை நகர்த்தி வைக்க இடம் வேண்டுமே. யூஎஸ்பி வழியாக இணைத்த டிஸ்க் என்றால் கூடுதல் பொறுமை தேவை. சதவீதம் 100ஐ நெருங்கி மறுபடி குறைவதைப் பார்த்தும் பலர் பயப்படுகிறார்கள். விண்டோஸ் பல சுற்றுகளாக வேலை செய்கிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும், அவ்வளவுதான். அவசரமென்றால் நிறுத்து பொத்தானை அழுத்தலாம், கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

டிஸ்க் பழுதா என்று அறிய ஸ்மார்ட் விவரங்களை (டிஸ்க் தன் நிலையைத் தானே கண்காணித்து வைக்கும் பதிவு) பாருங்கள். மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் (பழுதானதால் டிஸ்க் ஒதுக்கிவிட்டு வேறு இடத்தைப் பயன்படுத்தும் பகுதிகள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனாலோ, டிக் டிக் சத்தம் கேட்டாலோ, டிஃப்ராக்கைத் தொடவே வேண்டாம், முதலில் பேக்கப் எடுங்கள்.

எஸ்எஸ்டி (சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் தரவைச் சேமிக்கும் டிரைவ்) வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அதில் நகரும் பாகம் இல்லை; விண்டோஸ் 8 முதல் 'ஆப்டிமைஸ்' கொடுத்தால் வழக்கமாக ட்ரிம் கட்டளைதான் (அழித்த கோப்புகளின் இடம் இனி தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது) போகும், அது சட்டென்று முடிந்துவிடும்.