டிக்கெட் வாங்காதவருக்கு என்ன கேட்டது?

லாஸ் ஏஞ்சலஸில் ‘தி இண்டஸ்ட்ரி’ என்றொரு ஓபரா கம்பெனி இருக்கிறது. ஓபரா என்றால் கதையைப் பாட்டாலேயே சொல்லும் மேற்கத்திய இசை நாடகம். யுவல் ஷரோன் என்ற இயக்குநர் தொடங்கியது. ரயில் நிலையம், பூங்கா, ஓடுகிற கார் என்று அரங்கத்துக்கு வெளியே புதுப்புது ஓபரா போட்டுப் பெயர் வாங்கியவர்கள். இவர்களைப் பாராட்டுகிறவர்கள் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொல்கிறார்கள்: ஓபராவை மாளிகையிலிருந்து இறக்கி மக்களிடம் கொண்டுவந்துவிட்டார்கள். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. மக்கள் நடமாடுகிற இடத்துக்குக் கொண்டுவந்தார்கள், சரி. மக்களிடம் வந்து சேர்ந்ததா?

நேரில் பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்க்கவில்லை. இசைப்பதிவுகள், வீடியோக்கள், விமர்சனங்கள் வழியாகத்தான் இவர்களைத் தெரியும். ஆனாலும் பிடித்துப்போய்ப் பின்தொடர்கிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

2013இல் அந்த ஊரின் பெரிய ரயில் நிலையமான யூனியன் ஸ்டேஷனில் ‘இன்விசிபிள் சிட்டீஸ்’ போட்டார்கள். இத்தாலோ கால்வினோவின் நாவலை எடுத்து கிறிஸ்டோபர் செரோன் இசையமைத்தது. மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானிடம் பயணி மார்க்கோ போலோ தான் கண்ட நகரங்களைச் சொல்லிக்கொண்டே போவார், அவ்வளவுதான் கதை. 1939இல் திறந்த அந்த ஸ்டேஷனில் நிகழ்ச்சிக்காக ரயிலையும் நிறுத்தவில்லை, கூட்டத்தையும் ஒதுக்கவில்லை. ஸ்டேஷனுக்குள் மூடிக்கிடந்த பழைய உணவகக் கூடத்தில் ஆர்க்கெஸ்ட்ரா உட்கார்ந்துகொண்டது. டிக்கெட் வாங்கியவர்களுக்கு ஆளுக்கொரு வயர்லெஸ் ஹெட்போன். அதை மாட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம், யார் பின்னால் வேண்டுமானாலும் போகலாம். பாடகர்கள் பயணிகளோடு பயணிகளாகக் கலந்திருப்பார்கள். சக்கர நாற்காலியில் ஒரு வயசானவர் சும்மா உட்கார்ந்திருப்பார். திடீரென்று பாட ஆரம்பித்தால் அவர்தான் குப்ளாய் கான்.

இப்போது ஹெட்போன் இல்லாத ஆளை நினைத்துப் பாருங்கள். சான் டியேகோ ரயிலுக்காகப் பெட்டியோடு காத்திருக்கிறார். பக்கத்தில் ஒருவர் உரக்கப் பாடுகிறார். வயலின் இல்லை, மேளம் இல்லை, ஒற்றைக் குரல் மட்டும் அந்தப் பெரிய கூடத்தில் மோதித் திரும்புகிறது. காதை மூடிய சிலர் வந்து சுற்றி நின்று பரவசமாகக் கேட்கிறார்கள். என்ன நடக்கிறது என்று இவருக்குத் தெரியாது. அந்தக் கூட்டத்துக்கோ இவரும் காட்சியில் ஒரு பகுதி. கூலியில்லாத துணை நடிகர் என்றே சொல்லலாம்.

அந்தத் துணையில்லாத குரலுக்கு ஒரு தனி அழகு இருக்கிறது. ஹெட்போனில் கச்சிதமாகக் கலந்து வருவதைவிட எனக்கு அதுதான் பிடிக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் அவருக்காக யாரும் அதை எழுதவில்லையே. முழு இசையும் காசு கொடுத்தவர் காதுக்கு, சிந்தியது மற்றவருக்கு. மாளிகைச் சுவரை இடித்துவிட்டு அதையே காதளவுக்குச் சின்னதாகச் செய்து மாட்டிவிட்டார்கள்.

2015இல் ‘ஹாப்ஸ்காட்ச்’. இதைக் கேட்டால் தலை சுற்றும். ஆறு இசையமைப்பாளர்கள், 24 கார்கள், மூன்று வழித்தடங்கள். ஒரு காரில் பார்வையாளர்கள் நாலே பேர். பாட்டும் வாத்தியமும் பல சமயம் காருக்குள்ளேயே, முழங்கால் இடிக்கிற தூரத்தில். பத்து நிமிடத்துக்கு ஒரு காட்சி, அப்புறம் இறங்கி வேறு கார். லூச்சா என்கிற நாயகியைக் காட்சிக்குக் காட்சி வேறு வேறு பாடகிகள் பாடுவார்கள். டிக்கெட் நூறு டாலருக்கு மேல். வாங்க முடியாதவர்கள் ஆர்ட்ஸ் டிஸ்ட்ரிக்டில் போட்டிருந்த கூடாரத்தில் எல்லாக் காட்சிகளையும் திரைகளில் இலவசமாக, நேரலையாகப் பார்க்கலாம். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கார்கள் பாயில் ஹைட்ஸ் பகுதிக்குள்ளும் போயின. பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியினர் வாழும் தொழிலாளர் குடியிருப்பு அது. கலைக்கூடங்கள் முதலில் வரும், பின்னாலேயே வாடகை ஏறும், கடைசியில் நம்மைக் காலிசெய்யச் சொல்வார்கள் என்ற பயம் அங்கே அப்போதே கொதித்துக்கொண்டிருந்தது. ஹாலன்பெக் பூங்காவில் காட்சி நடக்கையில் அந்தப் பகுதி ஆட்கள் திரண்டு எதிர்த்தார்கள். பள்ளி மாணவர்களின் பேண்ட் குழுவினரும் சேர்ந்து வாசிக்க, பாட்டு அமுங்கிப்போனது. இதைத் தகராறு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், தங்கள் பூங்காவில் அன்று என்ன கேட்க வேண்டும் என்பதை அங்கே வாழ்கிறவர்கள் முடிவு செய்தார்கள். பொது இடத்தில் கலை செய்ய வந்தால் பொதுமக்கள் பதில் சொல்வார்கள்தான். அரங்கத்துக்குள் கிடைக்காத ஒன்று இது, ஷரோன் வெளியே வந்ததே இதற்காகத்தானே?

யாருடைய இடத்தில் யார் பாடுவது என்ற இந்தக் கேள்வியை 2020இன் ‘ஸ்வீட் லேண்ட்’ தட்டிக்கழிக்கவில்லை. வந்தேறிகள் பூர்வகுடிகளை அழித்த கதையை, ரயில் யார்டாக இருந்து பூங்காவான நிலத்திலேயே போட்டார்கள். இசை ராவன் சக்கோன், டு யுன் இருவரும். இயக்கத்தில் ஷரோனோடு பூர்வகுடிக் கலைஞர் கனூபா ஹன்ஸ்கா லூகர். பார்வையாளர்களை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதிக் கதையைத்தான் காட்டினார்கள். காசு கொடுத்தவனுக்கும் முழுசாகக் கிடைக்காது! கொரோனா வந்து பாதியில் நிறுத்தியது பெரிய இழப்பு.

டிக்கெட் விற்காமல் பாடகருக்குச் சம்பளம் எப்படிக் கொடுப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விற்கட்டும். ஆனால் வழிப்போக்கருக்கும் சேர்த்து எழுத முடியும் என்று 2017இல் இவர்களே காட்டியிருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக் என்ற ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து, ஆனி காஸ்ஃபீல்ட் இசையில் ‘வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’. 1938இல் ஆர்சன் வெல்ஸ் வானொலியில் போட்ட செவ்வாய் கிரகப் படையெடுப்புக் கதைதான். அந்த ஆர்க்கெஸ்ட்ராவின் அரங்கமான டிஸ்னி ஹாலுக்குள் டிக்கெட்டோடு நிகழ்ச்சி. வெளியே, கைவிடப்பட்டு நின்ற பழைய விமானத் தாக்குதல் சைரன்களில் மூன்றை ஒலிபெருக்கியாக்கி, அந்த இடங்களிலும் ஆட்களைப் பாடவைத்து, வாசிக்கவைத்து, அரங்கத்தோடு இணைத்தார்கள். அங்கே நின்று கேட்கக் காசு கிடையாது. அரங்கத்துக்குள் இருந்தவருக்கு வெளியே இருப்பவர் தேவைப்பட்டார், கதையே அப்படி.

ஹாப்ஸ்காட்ச் பற்றி வந்த அளவில் கால்வாசி எழுத்துகூட ‘வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ பற்றி என் கண்ணில் படவில்லை. கார் போட்டோவில் நன்றாக விழும், சைரன் கம்பம் விழாது என்பதாலோ என்னவோ.