லைல் தாம்சனைக் கோப்பையை வைத்து அளக்காதீர்கள்

நுனியில் வலை கட்டிய குச்சியால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடும் ஆட்டம் லக்ரோஸ். அமெரிக்கக் கல்லூரி லக்ரோஸில் ஆகச் சிறந்த அட்டாக்மேன், அதாவது கோல் போடும் முன்வரிசை ஆட்டக்காரர், யார் என்று பேச்சு எடுத்தாலே போதும், லைல் தாம்சன் பெயர் வந்த அடுத்த நிமிடமே ஒருவர் வந்து "அவர் இருந்த நாலு வருடத்தில் அவருடைய ஆல்பனி பல்கலைக்கழக அணி தேசியப் போட்டியில் ஒரு தடவைகூட அரையிறுதிக்குப் போகலையே" என்று ஆரம்பித்துவிடுவார். போகவில்லை, உண்மைதான். 2014 காலிறுதியில் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்திடம் கூடுதல் நேரத்தில் ஒரே ஒரு கோலில் தோற்றார்கள், 2015இலும் காலிறுதியில் அதே நோட்டர் டேம்தான் வெளியே அனுப்பியது. ஆனால் இதை மட்டும் வைத்து அவரை இரண்டாம் வரிசையில் உட்கார வைப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். லக்ரோஸில் கோல் போட்டாலும் ஒரு புள்ளி, கோலுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தாலும், அதாவது அசிஸ்டுக்கும் ஒரு புள்ளி. 2012இல் முதல் வருட மாணவராக 38 புள்ளி. அடுத்த வருடம் 113. அப்போது ஒரு சீசனுக்கான சாதனை 114, 1992இலிருந்து யாராலும் தொட முடியாமல் இருந்தது, ஒரே ஒரு புள்ளியில் தவறவிட்டார். 2014இல் 128 எடுத்து அதை உடைத்தார். 2015இல் 121. மொத்தம் 400. அதுவரை ஆண்கள் கல்லூரி லக்ரோஸின் முதல் டிவிஷனில் 400 என்ற எண்ணை யாரும் பார்த்ததே இல்லை.

அந்த 400ஐப் பிரித்தால்தான் ஆள் யார் என்று தெரியும். 175 கோல், 225 அசிஸ்ட். நன்றாக கோல் அடிக்கத் தெரிந்தவர், தான் அடித்ததைவிட அதிகமாக அடுத்தவருக்குக் கொடுத்திருக்கிறார்.

ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். லக்ரோஸில் கோல் வலைக்குப் பின்னாலும் மைதானம் நீளும், அங்கே போய் நின்றும் ஆடலாம். லைலுக்கு அதுதான் சொந்த வீடு. ஆறடி நீளக் குச்சியோடு ஒரு டிஃபென்டர் அவர் கையிலும் தோளிலும் தட்டிக்கொண்டே இருப்பார், இவர் முதுகைக் காட்டி, உடம்பை இடையில் கொடுத்து, ஒரு கையால் குச்சியை ஆட்டிக்கொண்டே மெதுவாக வலைக்கு ஒரு பக்கமாக நகர்வார். கோல்கீப்பர் அவரைப் பார்க்கத் திரும்பியே ஆகவேண்டும். அந்தத் தலை திரும்பும் நொடியில் முன்பக்கம் யாரோ ஒருவர் ஓடி வருவார், பல நேரம் அண்ணன் மைல்ஸ், இல்லையென்றால் பெரியப்பா சித்தப்பா வகையில் சகோதரனான டை. பந்து வலைக்கு மேலே பறந்து அவர் குச்சிக்குப் போய், கோல்கீப்பர் திரும்பி நிமிர்வதற்குள் உள்ளே விழுந்திருக்கும். பழைய வீடியோக்களில் இதைப் பத்து தடவை ஓட்டிப் பார்த்தாலும் பாஸ் எப்போது கையை விட்டுப் போனது என்று எனக்குப் பிடிபடுவதில்லை!

"சின்ன அணிகளோடு ஆடி எண்ணிக்கையை ஏற்றினார்" என்றும் ஒரு பேச்சு உண்டு. 2013இல் ஆல்பனி சிரக்யூஸ் பல்கலைக்கழக அணியை அதன் சொந்த மைதானத்திலேயே தோற்கடித்தது, அதே சிரக்யூஸ் அந்த வருடம் தேசிய இறுதிப்போட்டி வரை போனது. இதற்கு மேல் என்ன சொல்ல.

சரி, எனக்கு இதில் முக்கியமான விஷயம் வேறு. லைல், நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒனொன்டாகா தேசத்தைச் சேர்ந்தவர். ஹோடனோஷோனி என்ற ஆறு பூர்வகுடி தேசங்களின் கூட்டமைப்பில் அது ஒன்று. லக்ரோஸ் அவர்களுடைய ஆட்டம். படைத்தவன் கொடுத்தது, நோயாளி குணமாக வேண்டி ஆடுவது, பிறந்த ஆண் குழந்தைக்கு ஒரு மரக் குச்சி கொடுப்பது, செத்தால் குச்சியோடு புதைப்பது என்று வாழ்க்கை முழுக்க அவர்களோடு வருவது. அந்த ஆட்டத்துக்கு விதி எழுதி எடுத்துக்கொண்ட கனடாக்காரர்கள், 1880இல் பூர்வகுடிகளையே போட்டிகளிலிருந்து விலக்கினார்கள். திரும்ப ஒரு தேசிய அணியாக உலகப் போட்டிக்கு அவர்கள் வந்தது 1990இல்தான்.

கல்லூரி லக்ரோஸின் பெரிய விருது டெவாராட்டன். விருதின் சிலையே குச்சியோடு பாயும் ஒரு மொஹாக் வீரர்தான், மொஹாக் அந்த ஆறு தேசங்களில் ஒன்று. 2001இலிருந்து கொடுக்கிறார்கள், 2014 வரை ஒரு பூர்வகுடி வீரருக்குக்கூட அது போகவில்லை. அந்த வருடம் லைலுக்கும் மைல்ஸுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள், இருவர் பகிர்ந்துகொண்டது அதுவே முதல் தடவை. மைல்ஸும் அந்த சீசனில் 119 புள்ளி, அதில் 82 கோல், அதாவது அண்ணன் தம்பி இரண்டு பேருமே பழைய 114ஐத் தாண்டியிருந்தார்கள். அடுத்த வருடம் லைல் தனியாக மறுபடியும் வாங்கினார். எந்தக் கோப்பையை இதற்குப் பக்கத்தில் வைப்பீர்கள்?

அப்புறம் தொழில்முறை ஆட்டம். உள்ளரங்க லீகில் ஜார்ஜியா ஸ்வார்ம் அணிக்காக 2017இல் சாம்பியன், அந்த வருட லீகின் சிறந்த வீரரும் அவர்தான். அப்படிப்பட்டவரை 2019 ஜனவரியில் பிலடெல்பியாவில் அரங்கத்தின் அறிவிப்பாளரே மைக்கில் அவர் சடையை வெட்டச் சொல்லிக் கூவினார், கூட்டத்திலிருந்து தலைத்தோலை உரிக்கச் சொல்லும் குரல்கள் வந்தன. அந்த நீளச் சடை அவர்கள் மரபு. அறிவிப்பாளர் வேலை போனது, லைல் அதே சடையோடு தொடர்ந்து ஆடினார். தன் மக்கள் ஆட்டத்தில், தன் மக்களின் அடையாளத்துக்காகவே ஒருவர் கேலிக்கு ஆளாவதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

இப்போது 2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்ஸ். 1908க்குப் பிறகு முதல் தடவையாக லக்ரோஸுக்குப் பதக்கம், ஆறு பேர் ஆடும் வடிவத்தில். 2014, 2018, 2023 என்று வரிசையாக மூன்று உலகக் கோப்பைகளில் ஹோடனோஷோனி ஆண்கள் வெண்கலம் வாங்கியிருக்கிறார்கள், ஆனாலும் ஒலிம்பிக் கமிட்டி கொண்ட நாடு இல்லை என்பதால் அவர்கள் கொடிக்கு அங்கே இடம் கிடையாது என்கிறது சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி. அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ ஆடிக்கொள்ளலாமாம். 1904 செயின்ட் லூயிஸில் மொஹாக் வீரர்களின் அணி ஒன்று இதே ஒலிம்பிக்ஸில் வெண்கலம் வாங்கியிருக்கிறது. 2016 ரியோவில் அகதிகளுக்கென்று தனி அணி அமைக்க வழி கண்டுபிடித்தார்கள், நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். அப்படியென்றால் இவர்களுக்கு மட்டும் ஏன் வழி இல்லை? அந்தக் கோடையில் லைலுக்கு 35 வயது இருக்கும், வலைக்குப் பின்னால் நின்று பாஸ் கொடுக்க அந்த வயது தாராளமாகப் போதும். முடிவெடுக்க வேண்டியவர்கள் சீக்கிரம் எடுங்கள்.