மஞ்சள் பூவும் கப்பல் பட்டியலும்

எங்கேயாவது புதிய செடி இனம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு களைகட்டிவிடும். பூ மஞ்சளாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "இது எங்கள் வேலியோரம் கிடக்கிறதே", "இதை ஆயா கீரையோடு சேர்த்துக் கடைவாரே" என்று தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் டொங்காட்டிலிருந்தும் சாட்சிகள் வரிசை கட்டுவார்கள். கடைசியில் சித்தப்பா வந்து, "வெள்ளைக்காரன் பார்த்தால்தான் கண்டுபிடிப்பா?" என்று ஒரு வரி போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார்.

சித்தப்பா சொல்வதில் பாதி சரி. டர்பனில் வார்விக் சந்திப்பின் மேம்பாலத்து மூலிகைச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். புல் போன்ற இலைகளும் நட்சத்திரம் போன்ற மஞ்சள் பூவும் கொண்ட ஹைபாக்சிஸ் செடியின் கிழங்கை அங்கே பெண்கள் குவித்து வைத்திருப்பார்கள். ஜூலு மொழியில் அது இன்கோம்ஃபே. எந்த லத்தீன் பெயரும் வருவதற்கு முன்பே அந்தக் கிழங்கைத் தோண்டி, இலை நாரைக் கயிறாகத் திரித்தவர்கள் அந்தப் பெண்களின் பாட்டிமார்கள். அவர்களைக் கணக்கில் சேர்க்காமல் "கண்டுபிடிப்பு" என்பதை நானும் ஏற்கமாட்டேன்.

மீதிப் பாதியை நான் அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன், உம்லட்டுசானா ஆற்றுச் சரிவில் முழங்கால் உயரச் செடி ஒன்றைப் பார்த்தேன். பளிச்சென்ற மஞ்சள் பூ. எந்தப் படத்திலும் பார்த்த நினைவில்லை. உலகம் அறியாத இனம் என்று எனக்கு நானே தீர்ப்பெழுதிக்கொண்டு, அதைப் பறித்துப் பழைய தொலைபேசி விவரப் புத்தகத்துக்குள் வைத்தேன். எங்கள் குடும்பப் பெயருக்கு ஒரு லத்தீன் வால் முளைப்பதாகக் கனவுகூடக் கண்டேன். பத்து நாள் கழித்துத் திறந்தால் பூ பஞ்சாக விரிந்து கிடந்தது. செடி கொடி தெரிந்த நண்பர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பூவைப் பார்க்கவே இல்லை. "பூவுக்கு அடியில் பச்சைச் செதில்கள் இருக்கின்றன அல்லவா, எண்ணுங்கள்" என்றார். எண்ணினேன். இருபத்தொன்று.

"செனீசியோ மடகாஸ்கரியென்சிஸ். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் எங்கும் கிடக்கும் களை. மாடுகூட விரும்பித் தின்னாது."

நான் சிரித்துச் சமாளித்தேன். அவர் சிரிக்கவில்லை, ஆஸ்திரேலியக் கதையைச் சொன்னார். இதே செடி அங்கே போய்ச் சேர்ந்து, 1918-இல் ஹண்டர் பள்ளத்தாக்கில் முதன்முதலாகப் பதிவானது. அங்கத்திய மண்ணுக்கே உரிய செனீசியோ ஒன்று இதற்கு அண்ணன் தம்பி போல இருக்கும். இதையும் அதுவென்றே எழுதி வைத்துவிட்டார்கள். சொந்த ஊர்ச் செடியை யார் பிடுங்குவார்கள்? அது வேறு இனம் என்று தெளிவாக அறுபது ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் மேய்ச்சல் நிலங்களெல்லாம் மஞ்சளாகிவிட்டன. மாடு, குதிரைகளின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு அதில் இருக்கிறது. ஊர்ச் செடிக்குச் செதில்கள் பதின்மூன்றை ஒட்டித்தான் இருக்கும், வந்த செடிக்கு இருபதை ஒட்டி. யாராவது குனிந்து எண்ணியிருந்தால் போதும். பின்னாளில் மரபணுவை ஆராய்ந்தபோது, அதன் பூர்வீகம் நம் குவாசுலு-நட்டால் என்று வந்தது.

பார்ப்பது வேறு, விவரிப்பது வேறு. ஒரு புதிய இனத்தை விவரிப்பவர் உயரம், இலை விளிம்பு, மயிர் எந்தப் பக்கம், விதை எப்படி என்று எல்லாவற்றையும் எழுதுகிறார். காய்ந்தால் நிறம் போய்விடலாம் என்பதால், பறித்த இடத்திலேயே "பூ மஞ்சள்" என்று குறித்துக்கொள்கிறார். பக்கத்து இனத்திலிருந்து இது எதில் வேறுபடுகிறது என்று சொல்லியாக வேண்டும். பிறகு ஒரு உலர்ந்த மாதிரியை ஹெர்பேரியத்தில், அதாவது உலர்செடிக் காப்பகத்தில், ஒப்படைக்கிறார், அந்தப் பெயருக்கு என்றென்றைக்கும் அதுதான் சாட்சி. எங்கள் டர்பனிலேயே 1882-இல் ஜான் மெட்லி வுட் தொடங்கிய ஹெர்பேரியம் இருக்கிறது. 2011 முடியும்வரை விவரணை லத்தீனில் இருந்தாக வேண்டும் என்ற விதியும் இருந்தது. 2012 முதல் ஆங்கிலமும் போதும். ஜூலுவுக்கு இன்னும் இடமில்லை.

இதைப் படித்தபோதெல்லாம் எனக்கு ஒரே ஒரு ஆவணம்தான் நினைவுக்கு வந்தது, கப்பல் பட்டியல். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். ஆளுக்கு ஒரு எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உயரம், உடலில் உள்ள தழும்பு. செடிக்கு எழுதுவது போலவேதான் எழுதியிருக்கிறார்கள். காதில் விழுந்ததை எழுதியதில் கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் அந்த எண்ணையும் கிராமப் பெயரையும் பிடித்துக்கொண்டுதான் என் அண்ணன் வட ஆர்க்காட்டில் எங்கள் ஊரைக் கண்டுபிடித்தார். எழுதியவன் எங்களுக்காக எழுதவில்லை. இருந்தாலும் எழுதி வைத்தான்.

அதனால் சித்தப்பாவோடு எனக்குள்ள சண்டை, எழுத வேண்டுமா என்பதில் இல்லை, எப்படி எழுத வேண்டும் என்பதில்தான். இந்நாட்டுக் கறுப்பின மக்களை இழித்துச் சொன்ன சொல், "கஃப்ரா" என்று செடிப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் கடற்கரைக் கல்யாண முருங்கைக்கும் அதே பெயர்தான் இருந்தது. 2024 ஜூலையில் மாட்ரிட் தாவரவியல் மாநாட்டில் அதை "அஃப்ரா" என்று மாற்ற 351 வாக்குகள் ஆதரவாகவும் 205 எதிராகவும் விழுந்தன. இருநூறுக்கும் மேற்பட்ட இனங்களின் பெயர் மாறியது. பழைய பெயரே இருக்கட்டும், குழப்பம் வரும் என்றார்கள் சிலர். "கூலி" என்று கூப்பிடப்பட்டவர்களின் பேரனிடம் அந்த வாதம் செல்லாது. புதிய செடிக்குப் பெயர் வைப்பவர்களிடம் நான் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. பணம் கொடுத்தவர் பெயரை வைக்காதீர்கள். அந்த மண்ணில் அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தால், கட்டுரையில் அதையும் எழுதுங்கள்.

எங்கள் ஊர் மஞ்சள் பூ ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நிஃபோஃபியா பௌசிஃப்ளோரா. ஒல்லியான தண்டில் வெளிர்மஞ்சள் பூக்கள், அவையும் சில. டர்பனின் ஈரப் புல்வெளிகளைத் தவிர வேறெங்கும் இல்லாத செடி. அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. பெயர் என்று ஒன்று இருக்கப் போய்த்தான் அந்தப் பட்டியலிலாவது ஏறியது. இயற்கையாக அது கடைசியில் எஞ்சியிருந்த இடம் கிளேர்வுட் குதிரைப் பந்தயத் திடல். இன்று அங்கே சரக்குக் கிடங்குகள் நிற்கின்றன.

கிளேர்வுட்டில்தான் என் தாத்தா காய்கறித் தோட்டம் போட்டிருந்தார். அப்பா சனிக்கிழமை தவறாமல் அந்தத் திடலுக்குப் போனவர். எந்த ஆண்டு எந்தக் குதிரை ஜெயித்தது என்று இன்றும் சொல்வார். போன வாரம் இந்தப் பூவின் படத்தை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அங்கேயா? புல்லுதானே இருந்தது" என்றார்.