வெள்ளை முயல் மிட்டாயின் உள்தாள் பிளாஸ்டிக் இல்லை

ஷாங்காயில் தயாராகும் 'ஒயிட் ராபிட்' பால் மிட்டாயின் மேல் காகிதத்தைப் பிரித்தால், உள்ளே கண்ணாடி போல ஒரு மெல்லிய தாள் ஒட்டிக்கொண்டிருக்கும். அது பிளாஸ்டிக், குழந்தைகள் விழுங்கிவிடுகிறார்கள் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

அந்தத் தாள் மாவுச்சத்தில் செய்தது, சாப்பிடவே வைத்தது. மிட்டாய் பிசுபிசுப்பானது, மேல் காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் இந்த உள்தாள். சந்தேகமா? நகத்தால் ஒரு துண்டைக் கிள்ளி வெதுவெதுப்பான நீரில் போடுங்கள். முதலில் சுருங்கும், அப்புறம் குழைந்து கரையும். பிளாஸ்டிக் அப்படியே கிடக்கும். நாக்கில் வைத்தாலும் இதேதான்: ஒரு நொடி காகிதம் போலிருக்கும், பிறகு காணாமல் போகும். எனக்கு அந்த ஒரு நொடிதான் இந்த மிட்டாயிலேயே பிடித்த இடம்.

சரி, பயம் எங்கிருந்து வந்திருக்கும்? 2008இல் சீனப் பால் பொருட்களில் மெலமைன் என்ற தொழிற்சாலை வேதிப்பொருளின் கலப்படம் பிடிபட்டது. இந்த மிட்டாயிலும் அது கண்டறியப்பட்டு, பல நாடுகளில் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அது உண்மை. ஆனால் கோளாறு பாலில், தாளில் இல்லை. சிங்கப்பூர், மலேசியாவில் வளர்ந்தவர்கள் தாளோடு சேர்த்தே மென்று பழகியவர்கள். உரிக்க வேண்டியது மேல் காகிதத்தை மட்டும்தான்.