வங்கியின் பழைய பேரேடு யாருக்குச் சொந்தம்?

நான் வேலை பார்த்த வங்கிக் கிளையை இன்னொரு கிளையோடு இணைத்த சமயம். கீழ்த்தளத்து அறையைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. கட்டுக்கட்டாகப் பேரேடுகள், தோல் அட்டை உரிந்து, ஓரமெல்லாம் பூச்சி அரித்துக் கிடந்தன. ஒன்றை எடுத்துத் தூசி தட்டியபோது உள்ளேயிருந்து ஒரு மாதிரிக் கையெழுத்து அட்டை விழுந்தது. கையெழுத்துக்கான கட்டத்தில் ஒரு பெண்ணின் கைநாட்டு. பக்கத்தில் எழுத்தர் பொடி எழுத்தில் குறித்திருந்தார்: வலது புருவத்தின் மேல் தழும்பு, கணவர் இல்லை, மகன் படிப்புக்காகச் சேமிக்கிறார். மறுநாள் அத்தனையும் எடைக்குப் போயின. அந்த அட்டையும்தான். நான் வாய் திறக்கவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

சட்டம் வைத்திருக்கச் சொன்ன வருடங்கள் முடிந்ததும் பழைய ஏடுகளை அழித்துவிடலாம் என்று வங்கிகள் நினைக்கின்றன. அரசர்களுக்குக் கல்வெட்டு உண்டு, செப்பேடு உண்டு. அந்தக் கைநாட்டுக்காரிக்கு இருந்தது அந்த ஒரு அட்டைதான். அதை எறியும் உரிமை வங்கிக்கு மட்டும் எப்படி வந்தது?

இத்தாலியின் நேப்பிள்ஸைப் பாருங்கள். 16ஆம் நூற்றாண்டு முதல் அங்கே இயங்கிய பொது வங்கிகளின் ஏடுகள் இன்றும் இருக்கின்றன. அந்த ஊர் வங்கிகளில் ஒரு நல்ல வழக்கம்: பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டில் தொகையோடு, எதற்காக என்பதையும் விவரமாக எழுதுவார்கள். 'கருணையின் ஏழு செயல்கள்' ஓவியத்துக்கு அதை வரைந்த காரவாஜ்ஜோவுக்கு 400 டுகாட் (அக்கால நாணயம்) பேசி, 1607 ஜனவரியில் கணக்குத் தீர்த்த விவரம் அந்த ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. ஓவியம் இருக்கும் தேவாலயமும் ஏடுகள் இருக்கும் மாளிகையும் ஒரே தெருவில், பொடிநடை தூரத்தில். அந்த வங்கிகளின் வாரிசான பாங்கோ தி நாப்போலி பிற்பாடு வேறொரு வங்கிக் குழுமத்தில் கரைந்துவிட்டது. ஆனால் ஏடுகள் தனி அறக்கட்டளையின் கையில் இருந்ததால் பிழைத்தன. நான் கேட்பதும் இந்த ஏற்பாட்டைத்தான். வங்கி விற்கப்படலாம், திவாலாகலாம். ஆவணங்களின் விதி அதோடு கட்டுப்பட்டிருக்கக் கூடாது.

திவாலான வங்கி என்றதும் அமெரிக்காவின் ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கிதான் என் நினைவுக்கு வரும். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்காக 1865இல் தொடங்கி, 1874இல் மூடப்பட்டது. நம்பிப் பணம் போட்டவர்கள் ஏமாந்தார்கள். அது மன்னிக்க முடியாத துரோகம். ஆனால் கணக்குத் தொடங்கியபோது கேட்ட கேள்விகளைப் பாருங்கள்: பிறந்த இடம், தொழில், பழைய எஜமானர் பெயர், துணைவர், பிள்ளைகள், தாய் தகப்பன், உடன்பிறந்தவர்கள். அதற்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குப் பெயர்கூட எழுதவில்லை. வயது, பாலினம், நிறம் போன்றவைதான். தன் பாட்டனின் பாட்டி யார் என்று தேடும் ஒருவருக்கு அந்த வங்கிப் பதிவேடு என்னவாக இருக்கும்! அதிலிருந்த சுமார் 4,80,000 பெயர்களுக்கு அகரவரிசை தயாரித்தவர்களில் யூட்டா மாநிலச் சிறைக் கைதிகளும் உண்டு. வேலை முடியப் 11 வருடம் ஆனது. அகரவரிசை இல்லாமல் வெறுமனே ஸ்கேன் செய்து போட்டால், ஆய்வாளருக்கு அது பூட்டிய அறைதான். ஸ்கேன் ஆகிவிட்டதென்று மூலத்தை எறிவது அதைவிட மோசம்.

வாடிக்கையாளர் ரகசியம் என்பார்கள். நியாயமான கவலை. அதற்குத்தான் இத்தனை வருடம் திறக்கக் கூடாது என்று காலவரம்பு வைக்கும் முறை இருக்கிறது. பூட்டி வைப்பது வேறு, அழிப்பது வேறு. 1997 ஜனவரியில் சூரிக் நகரில் ஒரு பெரிய வங்கியின் காவலாளி கிறிஸ்டோஃப் மைலி, கிழித்துப் போட வைத்திருந்த பழைய ஏடுகளைக் கண்டு எடுத்து வந்து யூத அமைப்பிடம் ஒப்படைத்தார். நாஜிகள் காலத்தில் யூதர்கள் போட்டு வைத்த கணக்குகளைப் பற்றி சுவிஸ் வங்கிகள் மீது விசாரணை நடந்த நேரம். அப்படிப்பட்ட ஆவணங்களை அழிக்கக் கூடாதென்று அதற்கு முந்தைய மாதம்தான் அந்நாட்டு அரசு தடை போட்டிருந்தது. தடை இருந்தும், ஒரு காவலாளியின் மனசாட்சி தேவைப்பட்டது.

அந்த மனசாட்சி அன்று என்னிடம் இல்லை. கீழ்த்தளத்துச் சாவி இப்போது உங்கள் கையில் இருந்தால், எடைக்காரரைக் கூப்பிடும் முன் ஏதாவது ஓர் ஆவணக் காப்பகத்துக்கோ பல்கலைக்கழக வரலாற்றுத் துறைக்கோ ஒரு போன் போடுங்கள். அவர்கள் வரும்வரை பேரேடுகளின் வரிசையைக் கலைக்காதீர்கள், உள்ளே செருகியிருக்கும் எந்தத் துண்டுச் சீட்டையும் உருவாதீர்கள்.